நான்காம் நாள் வந்து எதைப் பார்ப்பீர்கள்?

மதிப்பிற்குரிய வனத்துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் மூன்று தலைமுறையாக மாடும் வெள்ளாடும் வைத்துப் பிழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். சிறுத்தை ஏன் பட்டிக்கு வருகிறது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விளக்க இந்த மடலை எழுதவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். சிறுத்தை அடித்த கால்நடையை ஒரே நாளில் நேரில் வந்து பாருங்கள். பார்த்த இடத்திலேயே, கண்டது இன்னது என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் ஒன்றைக் கொடுங்கள்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, எங்கள் கட்டுத்தறியில் காங்கேயம் கிடாரிக்கன்று ஒன்று செத்துக் கிடந்தது. காங்கேயம் கன்றுகள் செந்நிறச் செவலையாகப் பிறந்து ஆறாம் மாதவாக்கில்தான் நிறம் மாறும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இது முதுகில் சாம்பல் நிற மயிலை ஏறி, வயிற்றோரம் மட்டும் இன்னும் செவலை மிச்சமிருந்த கன்று. தும்புக்கயிறு அறாததால் இழுத்துக்கொண்டு போக முடியாமல், சிறுத்தை அங்கேயே வயிற்றுப்புறத்தைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. குரல்வளையில் கோரைப்பற்கள் இறங்கிய குழிகள் தெளிவாகத் தெரிந்தன. தண்ணீர்த் தொட்டியோரச் சேற்றில் நாய்த்தடம்போல் இல்லாமல், நகம் படாத கால்தடம் ஒன்று பதிந்திருந்தது. அதன்மேல் ஒரு போசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னேன். "நாங்க வந்து பாக்கற வரைக்கும் எதையும் தொட்டுறாதீங்கண்ணா" என்றார் போனை எடுத்த தம்பி. பணிவாகத்தான் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. சனிக்கிழமை வர வேண்டியவர் விடுப்பில் இருந்தார், ஞாயிறு ஞாயிறாகவே கழிந்தது. அந்த மூன்று நாளும் கன்று வெயிலில் ஊதிக் கிடந்தது. நாற்றத்தில் மற்ற மாடுகளை அவிழ்த்துக்கொண்டுபோய்ப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டினோம். தாய்ப்பசு மட்டும் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்தது, பால் கறக்க உட்கார்ந்தால் மடியில் கைவைக்கவும் விடவில்லை. "புதைச்சுப் போடலாமுங்க, இதைப் பாத்துட்டு எப்படிச் சோறு திங்கறது?" என்று வீட்டில் கேட்டார்கள். புதைத்தால் இழப்பீடு கேட்பதற்கான ஆதாரம் போய்விடும் என்று நான்தான் தடுத்தேன். ஞாயிறு இரவு தெருநாய்கள் வந்தன. திங்கள் காலை பார்த்தபோது, பல் பதிந்திருந்த கழுத்தே இல்லை.

திங்கள் மாலை வந்தவர்கள் மரத்தில் தானியங்கிக் கேமரா கட்டினார்கள். அதில் அன்றிரவு பதிவானவை இரண்டு நாய்கள். போசிக்கு அடியிலிருந்த சேறு காய்ந்து வெடித்துத் தடம் உருத்தெரியாமல் போயிருந்தது. நான் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படங்களை ஏற்பதற்கு வழியில்லை என்றார்கள். நாற்பது நாள் கழித்து, 'நாய்கள் கடித்து இறந்ததாகத் தெரிகிறது' என்று பதில் வந்தது. நாய் என்றால் அது வேறு அலுவலகம், வேறு மனு. சிறுத்தை கொன்று நாய் தின்றால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அந்த நாய்களுக்கும் ஒரு விளக்கக் கடிதம் அனுப்பியிருப்பீர்களோ என்னவோ.

சிறுத்தையைச் சுடுங்கள் என்றோ, பிடித்துக்கொண்டுபோய் வேறு மலையில் விடுங்கள் என்றோ நான் கேட்கவில்லை. ஒன்றைப் பிடித்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும் என்று நீங்களே கூட்டங்களில் சொல்லியிருக்கிறீர்கள். நாங்களும் அதைக் கண்டிருக்கிறோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சிறுத்தைக்கு, உச்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இடம் கொடுத்திருப்பதும் தெரியும். என் அப்பாரு (தாத்தா) காலத்திலும் கன்று போயிருக்கிறது. "காட்டுக்குச் சேர வேண்டியது சேந்துருச்சு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அவரால் அப்படிப் போக முடிந்ததற்குக் காரணம், அதே காடு அவருடைய மாடுகளுக்கு வருடத்தில் பாதி நாள் புல் கொடுத்தது. இந்த மலைகள் 2013இல் புலிகள் காப்பகமாயின. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் என்ற அளவில் நிறுத்தியது. எங்கள் பக்கத்துக் காடு முழுவதும் அந்த அளவுக்குள் அடங்கிவிட்டது. தீர்ப்பைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் முன்பு கொடுத்து வாங்கிய காடு இப்போது வாங்க மட்டும் செய்கிறது என்பதை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதே 2022இல், புலிகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கியதற்காக இந்தக் காப்பகத்துக்குப் பன்னாட்டு விருது கிடைத்தது. செய்தித்தாளில் படித்தபோது எங்களுக்கும் மகிழ்ச்சிதான். அந்தப் பெருக்கத்தில் எங்கள் பட்டிகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எந்த மேடையிலும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சரி, அது போகட்டும்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மாலை, துக்கம் விசாரிப்பது போல வந்த ஒருவர், செத்த கன்றின்மேல் எந்தப் பூச்சிமருந்தை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று என் காதோடு சொல்லிவிட்டுப் போனார். நான் செய்யவில்லை. தின்ன வருவது சிறுத்தை மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும்; மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகளும் செத்த மாட்டைத் தேடித்தான் இறங்குகின்றன. அவற்றுக்காகத்தானே, செத்த மாட்டின் உடம்பில் தங்கி அவற்றைக் கொல்லும் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்தைக் கால்நடைகளுக்கு ஊசியாகப் போடக் கூடாது என்று 2006இல் தடை வந்தது? இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வராமல் போகும் அந்த மூன்று நாளில்தான் இந்தப் பேச்சு எங்கள் வாசலுக்கு வருகிறது. முதல் நாளே ஒருவர் வந்து தடத்தை அளந்து, கழுத்தைப் பார்த்து, தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் கன்றை அன்று மாலையே குழியில் இறக்கியிருப்பேன்.

மாட்டைப் பூட்டி வையுங்கள், விளக்குப் போடுங்கள் என்று துண்டறிக்கை கொடுக்கிறீர்கள். கம்பி வேலிக்கும் விளக்குக்கும் கையிலிருப்பதைச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பட்டிநாய் வைத்திருந்தோம், கன்றுக்கு முன்பே, தை மாதத்தில், சிறுத்தை அதைத்தான் கொண்டுபோனது. அதற்கு மனுவே போடவில்லை.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். விடுமுறை நாளானாலும் தகவல் சொன்ன ஒரே நாளில் ஒருவர் வர வேண்டும். வர இயலாத நாளில், கால்நடை மருத்துவரோ கிராம நிர்வாக அலுவலரோ பார்த்துக் கையெழுத்திட்டால் அதையும், தேதியும் நேரமும் பதிந்த கைப்பேசிப் படத்தையும் ஆதாரமாக ஏற்க வேண்டும். இழப்பீட்டுத் தொகை பற்றிக்கூட இப்போது நான் பேசவில்லை. அந்தப் பேச்சு, கொன்றது எது என்று முடிவான பிறகு வர வேண்டியது. கோபத்தில் ஏதேனும் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள்.

அந்தத் தாய்ப்பசு மறுபடியும் சினையாக இருக்கிறது. அது கன்று போடுவதற்குள் இப்படியோர் ஆணை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மலையடிவாரத்து மாட்டுக்காரன் ஒருவன்