மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து தம்பி டாக்டருக்கு

தம்பிக்கு,

உன் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலை என் மகள் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தேடி அச்செடுத்துக் கொடுத்தாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். தோட்டத்து டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவனுக்கு மூளைப் படத்தைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்கலாம். படம் தெரியாது, பக்கவாதம் தெரியும். பொதுவில் எழுதுவதற்குக் காரணம், உன்னை மாதிரி இங்கிருந்து படித்துப் போன பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது உன் அப்பா பெயர். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, உன் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். ஆக, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போன மனிதரின் பெயரைத்தான் வெளிநாட்டு டாக்டர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். உனக்கு எப்படியோ, எனக்கு இதில் பரம திருப்தி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1995இல், மூளையின் ரத்தக் குழாயை அடைத்துப் பக்கவாதத்தை உண்டாக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை 3 மணி நேரத்துக்குள் ஊசியாகப் போட்டால் பலன் உண்டு என்று அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் அது 4.5 மணி நேரமானது. 2018இல் அச்சேறிய 'டான்' ஆய்வில், குழாய் விட்டுக் கட்டியை வெளியே எடுக்க 24 மணி நேரம் வரை அவகாசம் கிடைத்தது. அப்படி எடுத்தவர்களில் 100க்கு 49 பேர் மூன்று மாதத்தில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டார்கள். எடுக்காதவர்களில் 13 பேர்தான். ஆனால் இது எல்லாருக்கும் இல்லை. மூளையில் காப்பாற்றக்கூடிய பகுதி இன்னும் மிச்சம் இருக்கிறது என்று படம் காட்டினால்தான். அந்தப் படத்தைப் படிப்பதுதானே உன் வேலை.

இந்த வேலை யாருக்கு உதவும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓர் அம்மா விடியற்காலை 5 மணிக்குத் தூக்குச்சட்டியோடு வெட்டுக்குப் போகிறார். 11 மணிக்கு அவர் மரத்தடியில் கிடப்பதைப் பக்கத்து நிரைக்காரர் பார்க்கிறார். எப்போது விழுந்தார்? யாருக்கும் தெரியாது. கடைசியாக அவரை நல்லபடி பார்த்த நேரத்தைத்தான் ஆஸ்பத்திரியில் கணக்கில் எடுப்பார்கள், அதாவது 5 மணி. ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். மங்கில், அதாவது பால் சேரும் கிண்ணத்தில், பால் எந்த அளவுக்குக் கட்டியிருக்கிறது என்று பார்த்தே, எப்போது வெட்டியது என்பதை மண்டோர் (மேற்பார்வையாளர்) சொல்லிவிடுவார். எம்.ஆர்.ஐ.யும் அந்த வேலையைத்தான் செய்கிறது போலிருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் பல வகைப் படங்கள் உண்டு. பாதிக்கப்பட்ட இடம் டிஃப்யூஷன் என்ற வகைப் படத்தில் சில நிமிடங்களிலேயே வெளுத்துத் தெரியும். ஃப்ளேர் என்ற இன்னொரு வகைப் படத்தில் தெரியப் பல மணி நேரம் ஆகும். முதல் படத்தில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், பெரும்பாலும் இன்னும் 4.5 மணி நேரம் தாண்டவில்லை. இப்படிப் பார்த்து மருந்து போட்டால் பலன் உண்டு என்று 2018இல் 'வேக்-அப்' ஆய்வும் காட்டியது.

இவ்வளவையும் மெச்சிவிட்டு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். உன் பட்டியலில் எனக்குப் புரிந்த கட்டுரைகளில் எல்லாம் கடிகாரம் ஆஸ்பத்திரி வாசலில்தான் ஓடத் தொடங்குகிறது. வாசலிலிருந்து ஸ்கேன், ஸ்கேனிலிருந்து ஊசி. வாசலுக்கு முன்னால்?

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு பாட்டிக்கு வாய் கோணுகிறது. முதலில் தைலம் தேய்ப்பார்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டதா என்று டப்பாவைத் தேடுவார்கள். காடி (கார்) வைத்திருக்கும் மகன் ஈப்போவில் வேலையில் இருப்பான், அவனுக்குப் போன் அடிப்பார்கள். 999ஐ அழைத்தாலும், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள் எந்தப் பாதையில் திரும்புவது என்று ஆம்புலன்ஸ்காரருக்கு விளங்கச் சொல்ல ஆள் வேண்டும். அப்புறம் ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஸ்கேன் உள்ள இன்னோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பெரிய ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகும் என்று 2006இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பாட்டி கணக்கை எந்த அட்டவணையில் போடுவாய்? ஸ்கேன் அறை வரை வந்தவர்களைத்தான் உன் படங்களுக்குத் தெரியும்.

அடுத்த கட்டுரையை இங்கிருந்து தொடங்கேன். ஈப்போ ஒன்றும் தூரமில்லை, 30 கிலோமீட்டருக்குள்தான். அப்படியும் ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று யாராவது ஒழுங்காக அளந்து எழுத வேண்டும். முதலில் பார்த்தது யார், யாரைக் கூப்பிட்டார்கள், வண்டி யாருடையது, எத்தனை ஆஸ்பத்திரி மாறினார்கள் என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். தோட்டங்களில் வேலை பார்த்த பழைய டிரசர்களும் மிஸ்ஸிகளும் (நர்சுகளும்) இன்னும் சிலர் இருக்கிறோம். கேள்வித்தாளை நீ தயார் செய். தமிழிலேயே இருக்கட்டும். தீபாவளிக்கு வரும்போது கொண்டு வந்தால், ஆட்களை நான் கூட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
பழைய டிரசர்