இல்லைங்கறதுக்கும் ஒரு புரூஃப்

கண்ணு,

போன்ல கேட்டியே, லாஜிக்ல ஒரு ஃபார்முலாவுக்கு புரூஃப் கிடைக்கலன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே, அதை நிராகரிக்க தனியா ஆக்சியம் (நிரூபிக்காமலே தொடக்கமா வெச்சுக்கறது), ரூல் எல்லாம் எதுக்குப்பான்னு. இதெல்லாம் எழுதிக் காட்டினாதான் புரியும்மா.

புரூஃப் கிடைக்கலன்னா நமக்குத்தான் தெரியலையா இல்ல புரூஃபே கிடையாதான்னு தவிப்போம்ல, அந்த இடத்துலதான் போலந்து லாஜிக் அறிஞர் யான் வுகாசேவிச் வர்றார். எந்த வாக்கியத்துக்கும் பதிலா நிக்கற எழுத்து இருக்கே, அதான் மாறி, வெறும் 'அ'ங்கற அந்த மாறியை நிராகரிச்ச ஆக்சியமா வெச்சுக்கிட்டார். கூட ரெண்டு ரூல். ஒரு ஃபார்முலாலேந்து ஏற்கனவே நிராகரிச்ச ஒண்ணு வரும்னு நிரூபிச்சிட்டா அந்த ஃபார்முலாவும் போச்சு. மாறிக்குப் பதிலா எதையாவது போட்டு, வர்றது நிராகரிச்சதா இருந்தா மூல ஃபார்முலாவும் போச்சு. எந்த வாக்கியமும் ஒண்ணு உண்மை, இல்லன்னா பொய்னு எடுத்துக்கற வழக்கமான கிளாசிக்கல் லாஜிக்குக்கு இதுவே போதும்.

டச்சுக் கணிதக்காரர் பிரௌவர் வழி வந்த இன்டியூஷனிஸ்ட் லாஜிக்குக்கு, அதாவது புரூஃப் கையில இருந்தாதான் உண்மைன்னு ஒத்துக்கற லாஜிக்குக்கு, இது பத்தாது. அதனால 1952ல, டப்ளின்ல இருந்தப்போ, மூணாவதா ஒரு ரூல் சேத்தார்: ரெண்டு ஃபார்முலாவையும் தனித்தனியா நிராகரிச்சாச்சுன்னா நடுவுல 'அல்லது' போட்டு சேத்ததையும் நிராகரிக்கலாம்.

இப்போ பேப்பர எடுத்து என்கூடவே போடு. 'அ இல்லை'ல 'அ'வுக்குப் பதிலா 'ஆ என்றால் ஆ'ன்னு போடு, அது எப்பவும் உண்மை, அதை இல்லைன்னு சொன்னா முரண்பாடு, முரண்பாட்டுலேந்து எது வேணா வரும், தனி மாறியும் வரும், ஆனா அதைத்தான் முதல்லயே நிராகரிச்சிட்டோமே, அதனால 'அ இல்லை'யும் போச்சு. 'அ' ஏற்கனவே போச்சு. மூணாவது ரூல்படி 'அ அல்லது அ இல்லை'யும் போச்சு! பிரௌவர் ஒத்துக்காத அதே விதி, நாலே வரியில. கிளாசிக்கல்ல இந்த மூணாவது ரூலையும் சேத்தோம்னா, அங்க நிரூபிச்ச இதே விதியையே நிராகரிச்சிடும், பாத்துக்கோ. எனக்கு இதுக்கு மேல அழகான புரூஃப் ரொம்பத் தெரியாதும்மா.

இந்த மூணு ரூலும் இன்டியூஷனிஸ்ட் லாஜிக்குக்குப் போதும்னு அவர் நினைச்சார். 1956ல டப்ளின்லயே இறந்துட்டார். அடுத்த வருஷமே கிரைசல், பட்னம்னு ரெண்டு லாஜிக் அறிஞர்கள் அது தப்புன்னு காட்டிட்டாங்க. 'அ இல்லை என்றால், ஆ அல்லது இ'ன்னு இருந்தா, 'அ இல்லை என்றால் ஆ' அல்லது 'அ இல்லை என்றால் இ'ன்னு சொல்ற ஃபார்முலாவை எடுத்தாங்க. இன்டியூஷனிஸ்ட் லாஜிக்ல இதுக்கு புரூஃப் கிடையாது. ஆனா இதை ஆக்சியமா சேத்தா வர்ற பெரிய லாஜிக்கும் அந்த மூணு ரூலுக்கும் அப்படியே கட்டுப்படுது. அப்போ அந்த ரூலை வெச்சு எத்தனை நாள் உக்காந்தாலும் இந்த ஃபார்முலா நிராகரிப்புல சிக்காது, ஏன்னு நீயே யோசி. பின்னாடி வந்தவங்க இன்னும் வலுவான ரூல் சேத்து முழுமையாக்கினாங்க.

உன் தீசிஸ்ல எதிர்மாதிரி (ஃபார்முலா பொய்யாகிற ஒரு மாதிரி) மட்டும் காட்டிட்டு நிறுத்திடாதம்மா, நிராகரிப்பையும் இப்படி வரி வரியா எழுது. எழுதினதை எனக்கும் அனுப்பு, அம்மா கண்ணாடி மாத்தித் தந்துருக்கா, சின்ன எழுத்தும் படிப்பேன்.

அப்பா