மாமாவோடு ஆவர்த்தனாவில் சாப்பிட்டது

அன்புள்ள கண்ணா,

சாப்பாடு எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டபோது "நல்லா இருந்ததுப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சொல்ல நிறைய இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆவர்த்தனா, கிண்டியில் கிராண்ட் சோழா ஓட்டலுக்குள் இருக்கிறது. 2017-இல் தொடங்கியது. நம் தென்னாட்டுச் சமையலையே வேறு உருவத்தில் தருகிறார்கள். என்ன வேண்டும் என்று நாம் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதில்லை. 7, 9, 11, 13 என்று எத்தனை வகை வேண்டும் என்பதைச் சொன்னால் போதும், வரிசை அவர்களுடையது. மாமா 13 என்றான். நான் பிடிவாதமாக 7 வகை வரும் 'மாயா'வுக்கு இறக்கினேன், சைவத்தில்.

இலையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பரிமாறிப் பார்த்த நமக்கு இது புதுசு. ஒரு சின்னத் தட்டு வரும். அதில் என்ன இருக்கிறது என்று நின்று சொல்வார்கள். சாப்பிட்டதும் எடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்தது. அந்த இடைவெளிதான் எனக்குப் பிடித்தது. மாமா வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தால் நான் அடுப்புக்கும் இலைக்கும் நடந்துகொண்டே இருந்திருப்பேன். நான் உட்காரும்போது அவன் கைகழுவிவிட்டு ஊஞ்சலில் கண்ணயர்ந்திருப்பான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நான் பரிமாறித்தான் பழக்கம். எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பதார்த்தத்தை ஒரே நேரத்தில் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ரசம் வந்த விதத்தைக் கேள். காபி வடிக்கிற கண்ணாடி பிரெஞ்சு பிரஸ் தெரியுமல்லவா, அதில் கொத்தமல்லித் தழை, மசாலாவோடு தக்காளி ரசத்தை ஊற வைத்து, அழுத்தி, மது ஊற்றுகிற மார்ட்டினி கிளாஸில் ஊற்றினார்கள். தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. ஒரு வாய் குடித்ததும் மாமா, "அக்கா, ஈயச் சொம்பு ஞாபகம் இருக்கா?" என்றான். கும்பகோணத்து வீட்டில் பாட்டி ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்பாள். காலியாக அடுப்பில் ஏற்றினால் ஈயம் உருகிவிடும். ஒருநாள் இவன் பசியில் தானே ரசம் வைக்கிறேன் என்று வெறும் சொம்பை ஏற்றி, அடி முழுக்க உருகி அடுப்பில் ஓடிவிட்டது. பாட்டி இவனை அடிக்கவே இல்லை, கையில் சுட்டுக்கொண்டானா என்றுதான் பார்த்தாள்.

பாட்டி பேச்சு வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனாகவே சொன்னான். பாட்டி போனபோது அவனுடைய கனடா குடியுரிமைப் பேப்பர் எதுவும் ஆகவில்லை. கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்ற நிலை. அதை யாரிடமும் சொல்லவில்லை. "காரியத்துக்குக் கூட வரலை" என்று சொந்தக்காரர்கள் பேசியதெல்லாம் அவன் காதுக்கும் போயிருக்கிறது. அத்தனை வருஷம் அதைத் தனியாகவே சுமந்திருக்கிறான், கண்ணா. அடுத்த தட்டோடு வந்த பையன் எங்களைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளியே நின்றான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

இனிப்பு, முட்டை மாதிரியே இருந்தது. சோம்பு போட்ட பன்னா கோட்டாவாம், க்ரீமை உறைய வைத்துச் செய்கிற இத்தாலிய இனிப்பு, உள்ளே மஞ்சள் கருவாக மாம்பழம். சைவம்தானே என்று மாமா கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் ஸ்பூனை வைத்தான். இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

பில்லை என்னிடம் காட்டவே இல்லை. போகட்டும், தம்பிதானே.

வியாழக்கிழமை காலை பிராங்பர்ட்டில் இறங்குகிறான். வான்கூவர் விமானத்துக்குச் சில மணி நேரம் இருக்கிறது. லீவு போட முடிந்தால் போடு, ஏர்போர்ட்டுக்குப் போ. அவனுக்கு உன்னுடைய பள்ளிக்கூடத்து முகம்தான் தெரியும், அதனால் நீயே முதலில் போய்ப் பேசு. எங்காவது உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவனுக்கு அல்சர், காரம் வேண்டாம். நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா