எறும்புகளுக்கு மாட்டிய வேடம்: பழைய கார்ட்டூன்களுக்குக் கருத்து எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய கார்ட்டூன் குறும்படங்களைப் பார்த்துக் கருத்தும் மதிப்பெண்ணும் எழுதிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். டிஸ்னி நிறுவனம் 1939இல் வெளியிட்ட ‘பீச் பிக்னிக்’ குறும்படத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். கடற்கரையில் டொனால்ட் வாத்து விரித்துவைத்த விருந்தை எறும்புகள் வந்து வாரிக்கொண்டு போகும் கதை அது. அந்த எறும்புகளை அமெரிக்கப் பழங்குடியினரைப் போலக் கூச்சலிட வைத்துக் கேலிப்பொருளாக்கியதால் படத்தையே ஒதுக்க வேண்டும் என்று உங்களில் ஒரு சாரார் எழுதுகிறீர்கள். அந்தக் காலத்துப் படத்தில் இதையெல்லாமா பார்ப்பது, சிரித்துவிட்டுப் போகலாமே என்கிறார்கள் மற்றவர்கள். இரு தரப்பாருமே படத்தை ஒரே கட்டியாக எடுத்துக்கொண்டு, ஒன்று தூக்கி எறிகிறீர்கள், இல்லையென்றால் தலையில் வைத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் என் குறை.

அந்தப் படத்தில் உண்மையிலேயே சிரிப்பு எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எறும்புகளைப் பிடிப்பதற்காக டொனால்ட் ஈ பிடிக்கும் பசைத்தாளைக் கொண்டுவந்து பரப்புவான்; அதில் புளூட்டோ நாய் ஒட்டிக்கொள்ளும். இந்த வித்தை அப்போதே புதிதல்ல. 1934இல் வந்த ‘பிளேஃபுல் புளூட்டோ’ என்ற டிஸ்னி குறும்படத்தில் அந்நிறுவன ஓவியர் நார்ம் ஃபெர்குசன் இதே பசைத்தாளையும் இதே நாயையும் வைத்து ஒரு காட்சியை வரைந்திருந்தார். காலில் ஒட்டியதை வாயால் இழுத்தால் வாயில் ஒட்டுகிறது. வாயை விடுவிக்கப் போனால் வேறோர் இடத்தில் ஒட்டுகிறது. நடுவில் நாய் சற்றே நின்று, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறது. திரையில் வரைந்த ஓர் உருவம் மனத்துக்குள் கணக்குப் போடுவதை நாம் கண்ணால் காண்கிற அந்த இடைவெளிதான் அசைவோவிய (அனிமேஷன்) வரலாற்றில் அக்காட்சிக்கு நிரந்தரமான இடத்தை வாங்கித் தந்தது. 1941இல் இயக்குநர் பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் தம் ‘சலிவன்ஸ் டிராவல்ஸ்’ படத்தில், தேவாலயத்தில் உட்காரவைக்கப்பட்ட கைதிகள் தம்மை மறந்து சிரிப்பதற்குக் காட்டியதும் அந்த 1934ஆம் ஆண்டுப் படத்தைத்தான். கைதிகளையும் சிரிக்கவைத்த அந்த வித்தைக்கு எந்த இனத்தின் முகமூடியும் தேவைப்படவில்லை.

எறும்புகளுக்கு வருவோம். டிஸ்னி நிறுவனமே 1948இல் ஜாக் ஹானா இயக்கத்தில் ‘டீ ஃபார் டூ ஹண்ட்ரட்’ என்ற படத்தை வெளியிட்டது. ஆஸ்கர் பரிந்துரை பெற்ற அப்படத்திலும் டொனால்ட்தான், பிக்னிக்தான், எறும்புகள்தான். ஆனால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பழங்குடியினராக வந்த எறும்புகள் இப்போது ஆப்பிரிக்கக் காட்டுவாசிகளைப் பற்றிய மலிவான கேலிச்சித்திரமாக வந்தன. 1955இல் எம்ஜிஎம் நிறுவனத்தின் டாம் அண்ட் ஜெர்ரி வரிசையில் வந்த ‘பப் ஆன் எ பிக்னிக்’ படத்திலோ எறும்புகள் ராணுவ அணிவகுப்பாக நடைபோட்டு வந்து கூடையைக் காலி செய்தன. ஒரே வேடிக்கைக்கு மூன்று உடுப்புகள். கையில் கிடைத்ததை எறும்புக்கு மாட்டியிருக்கிறார்கள் என்பது இம்மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விளங்கும். ராணுவ எறும்புகளைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு கொஞ்சமும் குறைவதில்லை. ஆகவே முந்தைய இரண்டு வேடங்களும் அந்த நகைச்சுவைக்கு இன்றியமையாதவை என்று வாதாடுவோர் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எறும்பை வைத்துச் சிரிக்கவைக்க எறும்பே போதும். இரை தேடிப் போகும் ஓர் எறும்பு சர்க்கரையைக் கண்டுவிட்டால், புற்றுக்குத் திரும்பும் வழியெல்லாம் வயிற்றைத் தரையில் உரசி மணத்தடம் போட்டுக்கொண்டே போகிறது. பின்னால் வருபவை அந்தத் தடத்தை மோந்து வருகின்றன. தன் எடையைப்போலப் பல மடங்கு சுமக்கவும் அதனால் முடியும். 1948ஆம் ஆண்டுப் படத்தில், ஒரு சிற்றெறும்பின் முதுகில் டொனால்ட் தின்பண்டங்களை மேன்மேலும் ஏற்றி வேடிக்கை பார்ப்பானே, அந்தக் காட்சி இந்த உண்மையிலிருந்து பிறந்ததுதான். அவன் வம்புக்கு இழுக்கிறான். எறும்புகள் வட்டியோடு திருப்பிக் கொடுக்கின்றன. கதையின் நியாயம் முழுக்க எறும்புகளின் பக்கம் இருக்க, அவற்றின் மேல் கேலி வேடத்தை மாட்டியதால் பார்க்கிறவர் யார் பக்கம் நின்று சிரிப்பது என்று தடுமாறுகிறார். எனவே இது இன்றைய நாகரிகம் பற்றிய குறை மட்டுமன்று, கதை சொல்லும் தொழிலிலேயே நேர்ந்த பிழையும்கூட. இதை நீங்கள் யாரும் எழுதி நான் படித்ததில்லை.

இத்தகைய காட்சிகளை வெட்டிவிடச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்னி நிறுவனம் 2020இல், தன் ஓடிடி தளத்தில் பழைய படங்கள் சிலவற்றின் முன்னால் வரும் எச்சரிக்கையை விரிவாக்கி, இத்தகைய சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்று ஒப்புக்கொண்டது. வெட்டுவதைவிட அது மேல் என்பேன். வெட்டிய படத்தைப் பார்ப்பவருக்கு என்ன வெட்டப்பட்டது என்று தெரியாது; பசைத்தாளில் காட்டிய திறமையும் எறும்புகளில் காட்டிய சோம்பலும் ஒரே தொழிற்கூடத்திலிருந்து வந்தவை என்பதும் தெரியாமல் போகும்.

ஆகவே அடுத்த முறை இப்படத்துக்கு மதிப்பெண் இடும்போது, எந்தக் காட்சிக்குச் சிரித்தீர்கள், எந்தக் காட்சியில் முகம் சுளித்தீர்கள் என்று பிரித்து எழுதுங்கள். முடிந்தால் 1934ஆம் ஆண்டின் பசைத்தாள் காட்சியை முதலில் பார்த்துவிட்டு ‘பீச் பிக்னிக்’குக்கு வாருங்கள். ஐந்து ஆண்டு இடைவெளியில் புளூட்டோவின் அந்த யோசனை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. முதலில் உங்களுடையதைப் படிக்க விரும்புகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒரு பார்வையாளன்