அலையாத்திக் காடு மீட்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் செயற்குழுவின் வணக்கம்.

கழிமுகத்தில் பொட்டலாகிக் கிடந்த நிலத்தில் அலையாத்திக் காட்டை மீட்கும்படி பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த பணி நிறைவுற்றது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு தனியே வைக்கப்பட்டுள்ளதால், பணி நடந்த முறையை மட்டும் இங்கே தெரிவிக்கிறோம்.

நாற்று நடுவதை விட்டுக் கால்வாய் வெட்டுவதில் ஏன் தொடங்கினீர்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். முன்பு மரங்களை மொத்தமாக வெட்டியதால் வெயில் நேரே பட்டு, சேறு வற்றிச் சுருங்கி, நிலம் நடுவில் பள்ளமாகிவிட்டது. ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஏறும்போது உள்ளே புகுந்த கடல்நீர், இறங்கும்போது வெளியேற வழியின்றித் தேங்கிக் காய்ந்ததால், உமரிச் செடி தவிர வேறெதுவும் பிழைக்காத அளவுக்கு மண்ணில் உப்பு ஏறிற்று. அதில் எத்தனை நாற்று நட்டாலும் கருகியிருக்கும். ஆகவே, பிச்சாவரத்தில் 1990களில் கையாளப்பட்ட மீன்முள் வடிவ முறையைப் பின்பற்றி, நடுவே ஒரு தாய்க்கால்வாயும் அதிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் கிளைக்கால்வாய்களும் வெட்டினோம். ஓதநீர் தடையின்றி வந்து போகத் தொடங்கியதும், மழைநீரும் சேர்ந்து உப்பைக் கழுவிச் சென்றது.

அதன் பிறகே நடவு நடந்தது. மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு நீளும் சுரபுன்னை என்னும் அலையாத்தி மரத்தின் காய்களை நீரோரச் சேற்றில் நேரடியாகச் செருகினோம். சற்று மேட்டில் மற்றோர் அலையாத்தி வகையான வெண்கண்டலின் நாற்றுகளை நட்டோம். இப்போது வெண்கண்டலைச் சுற்றி, எழுதுகோல் கனத்தில் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நிமிர்ந்து நிற்கின்றன. சுரபுன்னையின் தூருக்கிடையே நண்டு வளைகளும் தென்படுகின்றன.

படகில்லாமல் கையால் நண்டும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் பெண்களின் குடும்பங்களுக்கே கூலி வேலையில் முன்னுரிமை அளித்தோம். புயலில் முதலில் வீடிழப்பவர்களும், காடு அழிந்தபோது முதலில் வருவாய் இழந்தவர்களும் அவர்களே என்பதால், இது சலுகையன்று, நியாயம் என்றே செயற்குழு கருதுகிறது. வெண்கண்டல் இலை மாடுகளுக்கு விருப்பத் தீவனமாகையால், மரம் உயரும்வரை மேய்ச்சலை நிறுத்திவைக்க மாடு வைத்திருப்போர் இசைந்தனர். அவர்களுக்கு மாற்றுத் தீவனம் தருவது மன்றத்தின் கடமை.

100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கக்கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் புயலில் கடல் பொங்கி எழும்போது, கிலோமீட்டர் கணக்கில் அடர்ந்த காடு இருந்தால்தான் நீர்மட்டம் கணிசமாகத் தணியும். நமது காடோ இன்னும் இளங்காடு. எனவே எச்சரிக்கை வந்தவுடன் புகலிடம் செல்லும் வழக்கத்தை எவரும் தளர்த்த வேண்டாமென வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறோம்.

மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் கால்வாய்களைத் தூர்வாராவிட்டால் மண் மீண்டும் உப்பேறும். இதற்கான முறைப்பட்டியல் தயாராக உள்ளது. கடல் மட்டம் உயரும்போது காடு கரைப்பக்கம் நகர இடம் வேண்டுமாதலால், உட்புறத் தரிசில் கட்டடம் எழுப்பக் கூடாது என்னும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் முன்வைக்கிறோம். உறுப்பினர்கள் தவறாது வந்து வாக்களிக்க வேண்டுகிறோம்.

இவண்,
செயற்குழு