தலை குனிந்து நிற்கும் குதிரை

ரிச்மண்ட், வர்ஜீனியா

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி தணிந்திருப்பது நிம்மதி. ஓய்வுபெற்ற பிறகும் ஊர் மாடுகளெல்லாம் உன் வீட்டு வாசலுக்கே வருகின்றன என்று எழுதியிருந்தாய். வராமல் எங்கே போகும்?

மகள் வீட்டில் நலமாக இருக்கிறேன். போன வாரம் இங்குள்ள வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனோம். வாசலில் ஒரு வெண்கலக் குதிரை. முதுகில் வீரன் இல்லை. விலா எலும்புகள் தெரிய, தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்டும் காயம்பட்டும் நோயுற்றும் போன 15 லட்சம் குதிரைகள், கோவேறு கழுதைகளின் நினைவாக வைத்தது. ரயிலடியில் சுருண்டு விழுந்த அந்த ஜட்கா குதிரையும், பள்ளிக்கு வராமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நீயும் நினைவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

சிலையை வைக்கச் செய்தவர் பால் மெலன். 1907-இல் பிட்ஸ்பர்க் நகரின் பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை அமெரிக்க நிதியமைச்சராக இருந்தவர். மகனுக்கு வங்கித் தொழிலில் மனம் ஒட்டவில்லை. கேம்பிரிட்ஜில் படித்த நாளில் இங்கிலாந்தின் குதிரைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. 1936-இல் அவர் வாங்கிய முதல் ஆங்கிலேய ஓவியமே குதிரை ஓவியங்களுக்குப் பேர்போன ஸ்டப்ஸ் வரைந்த பந்தயக் குதிரைதான். அதன் பெயர் பூசணி! பின்னாளில் அப்படிச் சேர்த்த ஓவியங்களை யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அவருடைய குதிரைகளில் உனக்குச் சொல்ல வேண்டியது மில் ரீஃப். உருவத்தில் சிறியது. அதன் ஓட்டம் அமெரிக்க மண்தடத்துக்கு ஒத்துவராது, புல்தரைக்கே ஏற்றது என்று கணித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1971-இல் எப்சம் டெர்பி, ஆஸ்காட்டின் கிங் ஜார்ஜ், பாரிஸின் ஆர்க் என்ற மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றது. மொத்தம் 14 பந்தயங்களில் 12 வெற்றி; மற்ற இரண்டிலும் இரண்டாம் இடம்.

1972 ஆகஸ்டில் பயிற்சி ஓட்டத்தில் அதன் இடது முன்கால் முறிந்தது. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது உனக்குத் தெரியும். மாட்டையாவது படுக்கவைத்துப் பார்க்கலாம், குதிரைக்குக் கால் போனால் உயிரே போனது என்பாயே. மில் ரீஃபை அப்படி விடவில்லை. லாயத்திலேயே அறுவைக்கு இடம் ஏற்படுத்தி, எலும்பில் உலோகத் தகடு வைத்து, கட்டுப்போட்டு வாரக்கணக்கில் காத்தார்கள். பிழைத்துக்கொண்டது. மெலன் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் இனப்பெருக்கத்துக்கு விட்டார். அதன் மகன் ஷெர்லி ஹைட்ஸ் 1978-இல் அதே எப்சம் டெர்பியை வென்றது.

1993-இல் அவருடைய இன்னொரு குதிரை சீ ஹீரோ அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்றபோது மெலனுக்கு 85 வயது. எப்சம், ஆர்க், கென்டக்கி மூன்றும் அவருக்கு முன் எந்த உரிமையாளருக்கும் வாய்த்ததில்லை. ஆனாலும் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது கோப்பைகளால் அல்ல. இத்தனை வெற்றிக் குதிரைகளை வைத்திருந்தவர், தொண்ணூறு வயதை ஒட்டி, பெயரே இல்லாத, ஓடிக் களைத்த குதிரைக்குச் சிலை வைத்திருக்கிறார் பார். 1999-இல் காலமானார்.

எனக்கு ஒரு சந்தேகம்: கட்டுப்போட்ட காலோடு அத்தனை நாள் குதிரை எப்படித் தாங்கும்? மற்றக் காலில் பாரம் ஏறாதா? விவரமாக எழுது. பங்குனியில் ஊருக்கு வருகிறேன். சிலையின் படம் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு.

என்றும் அன்புடன்,
ராகவன்