தேன்மொழியின் பனிக்கால டயர்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
12 அக்டோபர் 2025

அன்புள்ள குமாரு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்ததா? இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரம் வேறு. பிரான்சில் இருக்கிற தேன்மொழி, அங்கே ஷாம்பெரியில் பார்த்து வைத்திருக்கிற பழைய பனிக்கால டயர் செட்டுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால், கட்டாதே என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல். காரணத்தைப் போனில் சொன்னால் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் அவளிடம் சொல்வாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை அப்படியே படம் எடுத்து அவளுக்கு அனுப்பு.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் டயரின் சைடில் 195/55 ஆர்16 87எச் என்று இருக்கிறது. 195 அகலம், மி.மீ. கணக்கு. அந்த அகலத்தில் 55 சதவீதம் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர் உயரம். ஆர் என்றால் ரேடியல். 16 அங்குல ரிம். 87 என்ற எண்ணுக்கு ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்று பொருள், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. இந்த அளவு அவளுடைய பெஜோ 208 காருக்குப் பொருந்தும். விற்கிறவர் இதைச் சொல்லித்தான் அவளைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

ரிம்மின் நடுமூடியைப் பார்த்தாயா? ரெனோ கம்பெனியின் வைர அடையாளம் இருக்கிறது. கிளியோ வண்டியிலிருந்து கழற்றியது. கிளியோவுக்கும் 208-க்கும் நாலு போல்ட்தான், டயர் அளவும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் போல்ட் ஓட்டைகள் உட்காரும் வட்டத்தின் விட்டம் கிளியோவில் 100 மி.மீ., பெஜோவில் 108 மி.மீ. அந்த ரிம் இந்த வண்டியில் உட்காராது. யாராவது இழுத்துப் பிடித்து ஏற்றினால் போல்ட் கோணலாக உட்கார்ந்து, ஓட ஓட லூசாகும். நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்று போகிற வேலை அது. சரியான ரிம்மே கிடைத்தாலும் போல்ட்டையும் பார்க்கச் சொல். பெஜோவில் அலாய் ரிம்முக்குத் தட்டை வாஷர் வைத்த போல்ட், இரும்பு ரிம்முக்குக் கூம்பு முனை போல்ட். ஒன்றை மற்றொன்றுக்குப் போடக் கூடாது.

மூன்றாவது படத்தில் டாட் (DOT) என்று தொடங்குகிற எழுத்து வரிசையின் கடைசியில் 4116 என்று நாலு எண். 2016-ஆம் வருஷம் 41-வது வாரத்தில் தயாரானது. அதாவது அக்டோபர் மாதம், சரியாக ஒன்பது வருஷம். மற்ற டயர்களில் அந்த எண் தெரியவே இல்லை. முழு எண் ஒரு பக்கத்து சைடில்தான் இருக்கும், மறுபக்கம் அரைகுறையாக நின்றுவிடும். அவர் அரைகுறைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். தேதி தெரியாத டயருக்கு ஒரு யூரோகூடக் கொடுக்கக் கூடாது.

"பட்டன் அஞ்சு மி.மீ. இருக்கே, நம்ம ஊரில் இதை வைத்து ரெண்டு வருஷம் ஓட்டலாமே" என்று எழுதியிருக்கிறாய். ரோட்டைத் தொடுகிற ரப்பர் மேடுகளைத்தானே பட்டன் என்கிறோம், இங்கே ஓட்டலாம்தான். அங்கே விஷயம் பட்டனில் மட்டும் இல்லை, ரப்பரில் இருக்கிறது. மார்கழிக் காலையில் உன் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகி நிற்கும் இல்லையா, கோடை டயரின் ரப்பரும் குளிரில் அப்படித்தான் இறுகும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனதும் அதன் பிடி குறையத் தொடங்கும். பனியே பெய்திருக்க வேண்டாம், நனைந்த தார் ரோடு போதும். பனிக்கால டயரில் இயற்கை ரப்பர் அதிகம் சேர்த்து, குளிரிலும் இளகி நிற்கிற செயற்கை ரப்பரைக் கலந்து, சிலிகா சேர்க்கிறார்கள். அதனால் பூஜ்யத்துக்குக் கீழேயும் ரப்பர் வளைந்து கொடுக்கும். ஆனால் அந்த இளக்கம் நிரந்தரம் இல்லை. வெயில், காற்று, ஓசோன் எல்லாம் பட்டு வருஷா வருஷம் இறுகிக்கொண்டே வரும். ஓடினாலும் இறுகும், கொட்டகையில் கிடந்தாலும் இறுகும். அதனால்தான் பட்டன் நிறைய இருக்கிற ஒன்பது வருஷத்து டயர் எனக்குப் பயமாக இருக்கிறது. பார்ப்பவரை அது நம்ப வைத்துவிடும். பழைய டயரே வாங்குவதென்றால் நாலைந்து வருஷத்துக்கு மேற்பட்டதைத் தொடவே வேண்டாம். பட்டனின் மேல் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பார்க்கட்டும். நல்ல பனிக்கால டயரில் நகம் பதிந்து மெல்ல எழும்பும். பதியவே இல்லை என்றால் திரும்பி வந்துவிடட்டும்.

அந்த அஞ்சு மி.மீ. பற்றியும் சொல்லிவிடுகிறேன். படத்தில் அளவுக் குச்சியை நடுப்பள்ளத்தில் மட்டும் வைத்திருக்கிறார்கள். இரண்டு ஓரத்திலும், நடுவிலும், சக்கரத்தைச் சுற்றி மூன்று நாலு இடத்திலும் அளக்க வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஓரம் தேய்ந்திருந்தால் அந்த வண்டியின் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. ஐரோப்பாவில் சட்டம் கேட்பது 1.6 மி.மீ. தான், நம் ஊரிலும் காருக்கு அதே கணக்கு. ஆனால் பனிக்கு 4 மி.மீ.க்குக் கீழே போனால் பிரயோஜனமில்லை. ஆஸ்திரியாவில் குளிர்காலத்துக்கு அதையே சட்டமாக வைத்திருக்கிறார்கள். புதுப் பனிக்கால டயரில் 8 மி.மீ. அளவுக்கு இருக்கும். பட்டனில் கத்தியால் கீறினது மாதிரி மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அவைதான் பனியைக் கவ்வும் இடம். பல டயர்களில் அந்தக் கீறல்கள் பள்ளத்தின் அடிவரை போவதில்லை. தேயத் தேயக் கீறல் மறைந்து, வெறும் கட்டையான பட்டன் மிஞ்சும். நான்காவது படத்தில் ஓரப் பட்டன்களைப் பார், கீறல் கிட்டத்தட்ட அழிந்துவிட்டது.

சேற்றில் டயர் சேற்றை உதறித் தள்ள வேண்டும். பனியில் நேர்மாறு. பள்ளத்திலும் கீறலிலும் பனி இறுகி நிரம்ப வேண்டும், ஏனென்றால் பனியை மிக நன்றாகப் பிடிப்பது பனிதான். இதைக் கண்டுபிடித்து டயராக்கினவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். பின்லாந்தில் 1934-லேயே லாரிக்கென்று பனிக்கால டயர் வந்துவிட்டது.

அடுத்தது, "எங்க காலத்துல எம்+எஸ் போட்டாலே போதும்" என்று அந்த சொல்தா வீட்டுப் பெரியவர், பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பத்துக்காரர், சொன்னது. எம்+எஸ் என்றால் மட் அண்ட் ஸ்னோ, சேறும் பனியும். அவர் பிரான்சில் இருந்தபோது சொன்னதெல்லாம் சரிதான். சட்டம் மாறிவிட்டது. 2021 நவம்பர் 1 முதல் ஆல்ப்ஸ், ஜூரா, வோஜ், பிரெனே போன்ற மலைப் பகுதிகளில் குறித்து வைத்த ஊர்களில், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நாலு சக்கரத்திலும் பனிக்கால டயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் இழுவைச் சக்கரம் இரண்டுக்கும் சங்கிலியோ துணி உறையோ வண்டியில் இருக்க வேண்டும். முதல் மூன்று குளிர்காலம் எம்+எஸ் எழுத்தை ஏற்றுக்கொண்டார்கள். 2024 நவம்பர் 1-லிருந்து அது செல்லாது. டயர் சைடில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்க வேண்டும். எம்+எஸ் என்பதை எந்தப் பரிசோதனையும் இல்லாமல் கம்பெனியே அச்சடித்துக்கொள்ளலாம். மலை முத்திரைக்கு, அளவுகோலாக வைத்த ஒரு டயரோடு ஒப்பிட்டுப் பனியில் ஓட்டிப் பார்த்த சோதனையில் தேற வேண்டும். அவள் வேலைக்குப் போகிற ஆல்பர்வில் பக்கமெல்லாம் சவுவா மாவட்டம், அந்த மாவட்டமும் பட்டியலில் இருக்கிறது. நீ அனுப்பிய படங்களில் எம்+எஸ் மட்டும்தான் தெரிகிறது. மலையைத் தேடித் தேடிக் கண் வலித்துவிட்டது, இல்லை.

ஒன்று மட்டும் அவள் மனசில் வைத்துக்கொள்ளட்டும். அந்த முத்திரை பனிக்குத்தான், கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸுக்கு இல்லை. ஐஸ் பிடிப்புக்கென்று ஐரோப்பிய லேபிளில் தனிக் குறி 2021 மே முதல் இருக்கிறது. அந்த வகை டயர் வட ஐரோப்பாவின் கடுங்குளிருக்கு உரியது, ரப்பர் மிகவும் மென்மை. ஆல்ப்ஸ் பக்கம் ஈர நெடுஞ்சாலையில் 130 கி.மீ. வேகத்துக்கு அது வேண்டாம்.

யாரோ அவளிடம் "முன்சக்கர இழுவை வண்டிதானே, முன்னால் ரெண்டு மட்டும் மாத்திக்கோ" என்று சொன்னார்களாமே. அந்த ஆள் பேச்சை இனிமேல் எதற்கும் கேட்க வேண்டாம் என்று சொல். முன்னால் பிடிப்பு, பின்னால் இறுகிப்போன கோடை டயர் என்றால், இறக்கத்தில் வளைவில் பிரேக்கை மிதித்த நிமிஷம் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். ஏறும்போது எல்லாம் நன்றாக இருக்கும், ஆபத்து இறங்கும்போதுதான். நாலும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன் அமைப்பு, ஒரே வயசு. இதில் பேரமே கிடையாது, குமாரு.

சரி, எதை வாங்க வேண்டும்? முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவிலோ தூணிலோ ஒட்டியிருக்கிற அட்டையைப் படம் எடுக்கட்டும். அனுமதித்த அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். இப்போது அவள் வண்டியில் இருப்பது 205/45 ஆர்17. அட்டையிலோ வண்டிப் பத்திரத்திலோ 185/65 ஆர்15 88டி இருந்தால் அதையே எடுக்கச் சொல்வேன். மொத்த விட்டம் 17-க்கு சுமார் 616 மி.மீ., 15-க்கு 621. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. குறுகலான டயர் பனியை அறுத்துக்கொண்டு கீழே இறங்கும், அகலமானது மேலே மிதக்கும். சைடுவால் உயரம் என்பதால் பனிக்கு அடியில் ஒளிந்திருக்கிற பள்ளத்தில் ரிம் அடிபடாது. சங்கிலி மாட்டவும் இடம் கிடைக்கும். விலையும் குறைவு. ஒரே சந்தேகம், பெரிய பிரேக் உள்ள மாடல் என்றால் 15 அங்குல ரிம், பிரேக்கைப் பிடிக்கிற காலிப்பரில் இடிக்கும். அதை அட்டை சொல்லிவிடும். 88 என்றால் 560 கிலோ. அட்டையில் உள்ள எடை எண்ணுக்குக் கீழே எப்போதும் போகக் கூடாது. வேக எழுத்து மட்டும் பனிக்கால டயரில் ஓரளவு குறைந்திருக்கலாம், டி என்பது 190 கி.மீ., அவளுக்கு தாராளம்.

நாலு இரும்பு ரிம் பழையதாக வாங்கட்டும், டயர் புதிதாக வாங்கட்டும். பழைய ரிம்மில் வளைவு இருந்தால் பேலன்சிங் மெஷினில் சுற்றும்போதே தெரிந்துவிடும். பழைய டயரின் உள்ளே என்ன காயம் என்று யாருக்கும் தெரியாது. ஊர்ப்பக்கம் மட்டும் ஓட்டி, மலைக்கு எப்போதாவதுதான் போவாள் என்றால் மலை முத்திரை உள்ள ஆல் சீசன் டயரும் சட்டப்படி செல்லும். மிஷ்லின் 2015-ல் கொண்டுவந்த கிராஸ்கிளைமேட் அந்த வகை. ஆனால் தினம் ஆல்பர்வில் போய் வருகிற பெண்ணுக்கு நான் தனி செட்டுதான் சொல்வேன்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். டயரில் ஓடும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அந்தப் பக்கமே சுற்ற வேண்டும். டயரில் பிரஷர் சென்சார் உள்ள வண்டி என்றால் புது ரிம்முக்கும் சென்சார் வேண்டும், இல்லாத வண்டியில் மெனுவில் போய் ரீசெட் செய்தால் போதும். போல்ட்டை, முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ஸ்பேனரால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடின பிறகு மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். காற்று, 10 டிகிரி குறைந்தால் கிட்டத்தட்ட 0.1 பார் இறங்கும். செப்டம்பரில் அடித்த காற்று ஜனவரியில் போதாது. மாதம் ஒருமுறை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்கட்டும். ஏப்ரலில் கழற்றிவிட வேண்டும். வெயிலில் அந்த மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், பிரேக் போட்டால் நிற்கவும் தூரம் எடுக்கும். கழற்றும்போது எந்தச் சக்கரம் எந்த மூலை என்று சாக்பீசால் எழுதி, ரிம்மோடு அடுக்கி, இருட்டான இடத்தில் வைக்கட்டும். மோட்டார் ஓடுகிற அறையில் வேண்டாம், அங்கே ஓசோன் வரும்.

இவ்வளவு எழுதிவிட்டு உன்னை விட்டால் எப்படி? ஐப்பசி பிறக்கப் போகிறது. உன் மாருதியின் ஸ்டெப்னி எந்த வருஷம் என்று ஒரு தடவையாவது குனிந்து பார்த்திருக்கிறாயா? போன நவம்பரில் ஃபெஞ்சல் கொட்டின கொட்டில் கன்னியக்கோவில் வரைக்கும் ரோடு எப்படி நின்றது என்று நீயே பார்த்தவன். தேங்கின தண்ணீரில் டயர் மிதக்காமல் இருக்கப் பள்ளம் 3 மி.மீ. ஆவது வேண்டும், 1.6 வரை இழுக்காதே. பின் டயர் இரண்டும் உள் ஓரம் தேய்ந்திருந்ததை ஆடியில் வந்தபோதே பார்த்தேன், சொன்னால் சிரித்தாய். இப்போது சிரிக்காதே. அடுத்த ஞாயிறு அளவுக் குச்சியோடு திருப்பாப்புலியூர் வருகிறேன். தங்கச்சியிடம் சொல்லிவை, எனக்கு அந்த வஞ்சிரக் குழம்பு மட்டும் போதும்.

அதற்கு முன்னால் தேன்மொழியிடமிருந்து கதவு அட்டையின் படம் வாங்கி அனுப்பு. நவம்பர் 1-க்கு நாள் அதிகம் இல்லை, கடைசி வாரத்தில் அங்கே டயர் மாற்ற நேரம் கிடைப்பது கஷ்டம். கடைக்காரர் எதைக் காட்டினாலும் மலை முத்திரை, நாலு எண் தேதி, முழு அளவு, இந்த மூன்றையும் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும். ராத்திரி எந்நேரமானாலும் பார்த்து பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வம்